ஒரு நிமிட நாடிக் கணக்கு

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்வது நம் தொழில். ரொக்க இருப்பும் பேரேடும் ஒத்திருக்கின்றனவா, நூல் வழங்கிய பதிவும் துணி பெற்ற பதிவும் பொருந்துகின்றனவா, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பங்கள் முறைப்படி உள்ளனவா என்று பார்ப்பதற்காகத் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களைச் சுற்றி வருகிறோம். இத்தகைய நாம் அங்கத்தினர்களின் உடல்நலத்தைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். நாம் மருத்துவர் அல்லோம். எனினும், ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் கண்ட இரண்டு பக்கங்கள் இதனை எழுதியே தீரவேண்டும் என்று நம்மைத் தூண்டின.

அது தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு நெசவாளர் சங்கம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டா. அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அறுபது வயதை நெருங்கிய நெசவாளர் ஒருவர் இருந்தார். முத்து முத்தான கையெழுத்து அவருடையது. ஆண்டுக் கணக்காக ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் அவரது கையொப்பம் ஒரே சீராக இருக்கும். ஒருமுறை நாம் ஆய்வுக்குச் சென்றபோது, கடைசிக் கூட்டத்தின் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே இடக்கைப் பெருவிரல் ரேகை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ரேகை வைத்தது ஏன் என்று கேட்டோம். செயலாளர் தலை குனிந்து, "அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது ஐயா. வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது" என்றார்.

அப்போது நமக்கு முந்திய ஆய்வு நாள் நினைவுக்கு வந்தது. அன்று அப்பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் அருந்தினோம். உள்ளே குழித்தறியில் வேலை செய்துகொண்டிருந்த அவர் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி நெய்தார். "நாலைந்து நாளாக நெஞ்சு படபடவென்று அடிக்கிறது ஐயா. நாலு மிதி மிதித்தால் மூச்சு வாங்குகிறது. வாயுவாகத்தான் இருக்கும்" என்றார். நாமும் அதனை ஆமோதித்து, வாழைக்காயைக் குறைக்குமாறும் இஞ்சிச் சாறு பருகுமாறும் அறிவுரை கூறி விடைபெற்றோம். பட்டம் பெற்ற நமக்கு அவருடைய மணிக்கட்டை ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எதனைப் பார்ப்பது என்று அன்று நமக்குத் தெரியாது.

பின்னர் மருத்துவர் கூறியதாக அவருடைய மகன் நம்மிடம் சொன்ன செய்தி இது: இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி ஓடியதால் இதயத்திற்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, அக்கட்டி இரத்தத்தோடு சென்று மூளைக் குழாயை அடைத்துவிட்டது, துடிப்பின் கோளாறு முன்னரே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுக்க வழி இருந்திருக்கும். ஒரு நெசவாளியின் வலக்கையைக் காப்பதற்கு ஒரு நிமிட நேரமும் ஒரு கடிகாரமும் உதவியிருக்கும் என்பதை அன்று அறிந்தோம். அதன்பின் மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் நாம் கற்றுக்கொண்டவற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

நாடி என்பது யாது?

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலின் அலையே நாம் மணிக்கட்டில் உணரும் நாடி. நிமிடத்திற்கு 72 வீதம் கணக்கிட்டால் ஒரு நாளில் 1,03,680 துடிப்புகள் ஆகின்றன. எந்தத் தறியும் இவ்வளவு ஓடுவதில்லை.

இத்துடிப்புக்குக் கட்டளையிடும் இடம் இதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுத் திரள். 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்து கூறினர். அங்கே பிறக்கும் மெல்லிய மின் தூண்டல் மேலறைகளில் பரவி, நடுவில் உள்ள ஒரு வாயிலைக் கடந்து, கீழறைகளை அடைகிறது. இத்தூண்டலைத் தாளில் வரைந்து காட்டும் கருவியைச் செம்மை செய்தவர் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்து வில்லெம் ஐந்தோவன். அதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று இ.சி.ஜி. என்று நாம் எல்லோரும் சொல்வது அதன் வழிவந்ததே.

நம் நாட்டிலும் நாடி பார்த்தல் புதியதன்று. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளில் நாடிக்குத் தனி இடம் உண்டு. ஆள்காட்டி விரலில் வளியையும், நடுவிரலில் அழலையும், மோதிர விரலில் ஐயத்தையும் உணர்வது அம்முறை. அக்கலை நீண்ட பயிற்சியால் வருவது. அதனை நாம் இங்கே கற்பிக்கப் புகவில்லை. துடிப்பின் எண்ணிக்கை, ஒழுங்கு, வலிமை ஆகிய மூன்றை மட்டும் பார்த்தறிய எந்த அங்கத்தினராலும் இயலும். இங்கிலாந்தில் ஜான் ஃபிளாயர் என்னும் மருத்துவர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் நாடிக் கடிகாரத்தைப் பற்றி 1707-இல் நூல் எழுதினார். அன்று அரிய பொருளாயிருந்த அக்கடிகாரம் இன்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது, கைப்பேசியிலும் இருக்கிறது.

எண்ணும் முறை

முதலில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். தறியிலிருந்து எழுந்தவுடனோ, ஏற்றம் மிகுந்த வரப்பில் நடந்து வந்தவுடனோ, தேநீர் அருந்தியவுடனோ, புகைபிடித்தவுடனோ எண்ணுவது சரியன்று. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கினால் எலும்புக்கும் நரம்புக்கும் இடையே ஒரு பள்ளம் தெரியும். மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே மெல்ல வைக்க வேண்டும். பெருவிரலால் பார்க்கலாகாது, அதற்குள்ளேயே ஓடும் துடிப்பு நம்மை ஏமாற்றிவிடும்.

கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் உண்டு. அது விரைவான கணக்கேயன்றிச் சரியான கணக்கன்று. ஒழுங்கு தவறிய நாடியில் முதற் கால் நிமிடம் ஒன்று சொல்லும். அடுத்த கால் நிமிடம் வேறொன்று சொல்லும். ஆகையால் முழு அறுபது வினாடியும் எண்ண வேண்டும். இருவராக இருந்தால் மிகவும் நன்று. ஒருவர் மற்றவரின் நாடியை எண்ணும்போதே ஓய்ந்திருக்கும் கையின் விரலால் பலகையில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தட்டுத் தட்டட்டும். நெசவாளிக்கு இது எளிது. அடுத்த வீட்டுத் தறியோசையைக் கேட்டே நெய்பவர் யார், அவர் கை எங்கே தவறியது என்று சொல்லக்கூடிய காது அவருடையது.

வேகம் மட்டும் நோயாகாது

வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. குழந்தைகளுக்கு இதனினும் மிகுதியாக இருக்கும். காய்ச்சலில் ஒரு செல்சியஸ் அளவு வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 10 துடிப்புக் கூடும். இரத்தச் சோகை, தைராய்டுச் சுரப்பின் மிகை, வயிற்றுப்போக்கு, அச்சம், வலி ஆகியவையும் நாடியை விரைவுபடுத்தும். உடலுழைப்பில் பழகியவர்களுக்கு 60-க்குக் கீழே, 50 அளவில் இருப்பதும் உண்டு. ஆகவே எண்ணிக்கையை ஆளோடும் நிலைமையோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதற்கு நம் கடற்கரையே நல்ல சான்று தருகிறது. கொற்கைக் காலத்திலிருந்து முத்துக்குப் பேர்போனது இக்கரை. 1955-ஆம் ஆண்டு முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது, அதன்பின் நடைபெறவில்லை. சங்கு குளித்தல் தொடர்ந்து வந்தது. வ.உ.சிதம்பரனார் பெயரை 2011 முதல் தாங்கி நிற்கும் துறைமுகத்திற்கு அருகே, இளமையில் சங்கு குளித்த முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். மூச்சை அடக்கி நீருக்குள் இறங்கினால் எவ்வாறு இருக்கும் என்று கேட்டபோது, "கீழே போகப் போக நெஞ்சுத் தட்டு மெதுவாயிரும் ஐயா. மேலே வந்து மூச்சு விட்டதும் படபடன்னு பிடிச்சுக்கிடும்" என்றார்.

அவர் அனுபவத்தால் சொன்னதை விஞ்ஞானிகள் கருவிகளால் அளந்திருக்கின்றனர். ஷோலாண்டர் என்னும் உடலியலறிஞரும் அவருடைய தோழர்களும் முத்துக்குளிப்போரின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்து 1962-இல் கட்டுரை வெளியிட்டனர். மூச்சடக்கி மூழ்கும்போது இதயம் மெதுவாகிறது. தசைகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்திற்கும் உரிய பிராணவாயு சேமிக்கப்படுகிறது. கொரியா நாட்டுக் கடலில் மூழ்கும் பெண்களிடம் 1960-களில் செய்த ஆய்வுகளில், துடிப்பு மெதுவாவதோடு சில வேளைகளில் ஒழுங்கு தவறுவதும், குளிர்ந்த நீரில் அது மிகுவதும் காணப்பட்டன. மேலே வந்து மூச்சுவிட்டதும் நாடி பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இதனால் அறிவது என்ன? காரணம் தெரிந்து, காரணம் நீங்கியதும் சரியாகும் மாறுதல் உடலின் திறமை. காரணமின்றி, ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே தோன்றி, நீங்காமல் நிற்கும் மாறுதலே கவனத்திற்குரியது.

உட்கார்ந்த நிலையில் பலமுறை எண்ணியும் நாடி 100-க்கு மேலேயே நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று தொடங்கி, 150 முதல் 220 வரை சீராக விரைந்து, திடீரென்றே நிற்கும் ஒருவகைப் படபடப்பு உண்டு. இதயத்தின் மின்வழியில் ஒரு குறுக்குச் சுழல் ஏற்படுவதால் வருவது அது, இளவயதினரிடமும் காணப்படும். முத்துக்குளிப்போரிடம் கண்ட அதே உடலியல்பைக் கொண்டு, குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தி இப்படபடப்பை நிறுத்தலாம் என்று 1975-இல் மருத்துவர்கள் எழுதினர். ஆயினும் மருத்துவர் முன்னிலையில் செய்யத்தக்கதேயன்றி, வீட்டில் சோதித்துப் பார்க்கத்தக்கதன்று.

மறுபுறம், நாடி 50-க்குக் கீழே இறங்கி, அதனோடு தலைசுற்றல், கண் இருட்டல், மயக்கம், மிகுந்த சோர்வு ஆகியவை இருந்தால் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் செல்லும் வழி அடைபட்டிருக்கக்கூடும். இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் சில மாத்திரைகளாலும் நாடி மெதுவாகும். தூண்டல் வழி அடைபட்டவருக்கு 'பேஸ்மேக்கர்' என்னும் சிறு கருவியைப் பொருத்துகின்றனர். 1958-இல் சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகில் முதன்முதலாக அது உடலுக்குள் பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. மாற்றி மாற்றி 20-க்கு மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பெற்று, அவர் 2001 வரை வாழ்ந்தார்.

விவசாய அங்கத்தினர்கள் தனியே மனத்திற் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. பூச்சிமருந்து தெளித்தவருக்கு வாயில் நீரூறி, வியர்த்து, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கி, நாடி மெதுவானால் மருந்தின் நஞ்சு உடலில் ஏறிவிட்டது என்று கொள்ள வேண்டும். சில வேளை நாடி விரைவாகவும் இருக்கும். அது கண்டு ஏமாறலாகாது. துணியைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கரிசல் காட்டிலோ உப்பளத்திலோ கடும் வெயிலில் வேலை செய்பவரின் நாடி நூல்போல் மெலிந்து, 100-க்கு மேல் விரைந்தால் அது வெப்பத்தாலும் நீரிழப்பாலும் வருவது. நிழலுக்குக் கொண்டுசென்று, உடலைக் குளிர்வித்து, நினைவு தெளிவாக இருந்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் தரவேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒழுங்கே முக்கியம்

இனி, இக்கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருகிறோம். துடிப்பின் ஒழுங்கு தவறுவது மூன்று விதமாக நம் விரலுக்குத் தெரியும்.

முதலாவது, மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரைந்தும் வெளிவிடும்போது சற்று நிதானித்தும் ஓடுவது. சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இது இயல்பு. அஞ்சவேண்டியதில்லை.

இரண்டாவது, சீராக ஓடிக்கொண்டிருக்கும் நாடியில் எப்போதேனும் ஒன்று விட்டுப் போவது. நெய்கையில் ஓர் ஊடை தவறியதுபோல் இருக்கும். உண்மையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வலுவின்றி வந்துவிடுகிறது. பின்னர் ஒரு சிறு இடைவெளி. அடுத்த துடிப்பு பலமாக நெஞ்சில் இடிக்கிறது. உறக்கக் குறைவு, மிகுந்த தேநீர் காப்பி, புகையிலை, மது, கவலை ஆகியவற்றால் இது நேர்வதுண்டு. பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. ஆனால் அடிக்கடி விட்டுப் போனாலும், மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தாலும், முன்பே இதய நோய் உள்ளவருக்கு நேர்ந்தாலும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஒழுங்கு என்பதே இல்லாமல் ஓடுவது. ஓர் இடைவெளி நீளம், மற்றொன்று குறுகல். ஒரு துடிப்பு பலம், மற்றொன்று மெலிவு. எந்த வரிசையும் மீண்டும் வருவதில்லை. தொழில் பழகாத சிறுவன் தறியில் அமர்ந்து மிதித்தால் ஓசை எவ்வாறு எழுமோ அவ்வாறிருக்கும். பலகையில் தட்டிக்கொண்டே எண்ணினால் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். மருத்துவர்கள் இதனை 'ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்' என்பர். மேலறை நடுக்கம் என்று நாம் சொல்லலாம். மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்க, கீழறைகள் கிடைத்த தூண்டலுக்கெல்லாம் தாறுமாறாகத் துடிக்கின்றன. சில துடிப்புகள் மணிக்கட்டுவரை எட்டுவதே இல்லை. ஆகையால் மார்பில் கேட்கும் எண்ணிக்கை நாடியின் எண்ணிக்கையைவிட மிகுதியாக இருக்கும்.

இதன் தீங்கு படபடப்பில் இல்லை. நடுங்கும் அறையில் இரத்தம் தேங்குகிறது, தேங்கியது உறைகிறது, உறைந்த கட்டி மூளைக்குச் சென்று குழாயை அடைக்கிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 1948 முதல் மக்களைத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வில், மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும், வாத நோயால் இதயக் கதவும் பழுதுற்றிருந்தால் 17 மடங்கு என்றும் கண்டனர். இக்கோளாறு உடையவர்களில் பலருக்கு எந்தத் துன்பமும் தெரிவதில்லை. நம் நெசவாளப் பெரியவருக்கேனும் நெஞ்சு படபடத்தது. வந்து வந்து போவதும் இதன் இயல்பு. எனவே ஒருநாள் நாடி சீராக இருந்ததென்று எப்போதைக்குமாக நிறைவு கொள்ளலாகாது.

அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், இரத்த அழுத்தம் மிகுந்தோர், நீரிழிவு உள்ளோர், தைராய்டு மிகை உள்ளோர், மது அருந்துவோர் ஆகியோர் இதனில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

சிறுவரின் தொண்டைவலி

மேலே சொன்ன இதயக் கதவுப் பழுது பெரும்பாலும் சிறுவயதில் விதைக்கப்படுகிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைவலியும் காய்ச்சலும் வரும். உரிய மருத்துவம் செய்யாவிடில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி வலிக்கும், இதயமும் தாக்கப்படும். மூட்டுவலி தீர்ந்துவிடும், கதவின் பழுது தீராது. இருபது ஆண்டுகள் கழித்து மூச்சுத்திணறலாகவும் ஒழுங்கற்ற நாடியாகவும் அது வெளிப்படும். பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் வெளிப்படுவதும் உண்டு. நெருக்கமான வீடுகளில் வாழும் குடும்பங்களையே இந்நோய் மிகுதியும் பற்றுகிறது.

இதனைத் தடுக்கும் மருந்து விலையுயர்ந்ததன்று. பென்சிலின் போதும். ஒருமுறை இக்காய்ச்சலால் தாக்கப்பட்ட பிள்ளைக்கு மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் போடவேண்டி வரும். பிள்ளை நன்றாயிருக்கிறதே என்று ஊசியை இடையில் நிறுத்துவதுதான் பெரும்பிழை.

கண்டபின் செய்யவேண்டியது

நாடி ஒழுங்கற்றிருப்பதை நம் விரல் காட்டினால் நாம் நோயின் பெயரைச் சொல்லலாகாது. சொல்ல வேண்டியவர் மருத்துவர். அந்நாளையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. பட்டணத்திற்கு வெளியே உள்ளோர் தங்கள் வட்டத்து மருத்துவமனையிலேயே முதலில் காட்டலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் விரலில் மாட்டும் கருவியைப் பலரும் வாங்கினோம். அது எண்ணிக்கையைக் காட்டுமேயன்றி ஒழுங்கைச் சொல்லாது. எண் நிலைகொள்ளாமல் தாவிக்கொண்டே இருந்தால் விரலால் நாடியைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவிகள் சிலவற்றில் ஒழுங்கற்ற துடிப்பைக் காட்டும் குறி உண்டு. அக்குறி தோன்றினால் பழுதென்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மேலறை நடுக்கம் உறுதிப்பட்டால், பக்கவாதம் வரும் வாய்ப்பை மருத்துவர் கணித்து, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தருவார். 'வார்ஃபரின்' என்னும் பழைய மருந்து இந்நோயாளிகளுக்குப் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனை உண்போர் குறித்த காலத்தில் இரத்தச் சோதனை செய்து அளவை அறிய வேண்டும். இச்சோதனை வேண்டாத புதிய மருந்துகளும் இப்போது உள்ளன. ஆனால் வாத நோயால் கதவு சுருங்கியவர்களுக்குப் பழைய மருந்தே மேலானது என்று, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் நடத்தி 2022-இல் வெளியிட்ட 'இன்விக்டஸ்' ஆய்வு கூறுகிறது. எனவே அடுத்த வீட்டார் உண்ணும் மாத்திரையைக் கேட்டு மாற்றிக்கொள்வது ஆபத்து.

வார்ஃபரின் உண்போர் கீரையை அறவே விடவேண்டியதில்லை. ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் உண்ணாது, ஏறத்தாழ ஒரே அளவாக உண்டால் போதும். வலிமாத்திரையோ நாட்டு மருந்தோ மருத்துவரைக் கேளாமல் சேர்க்கலாகாது. ஈறிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டாலும், மலம் கறுத்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

காத்திருக்கக் கூடாத வேளைகள்

ஒழுங்கற்ற அல்லது மிக விரைந்த நாடியோடு மார்புவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், முகம் ஒருபுறம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் நாடி எண்ணிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். மூளையில் அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. ஆகவே கோளாறு தொடங்கிய நேரத்தைக் குறித்து வைப்பது மருத்துவருக்குப் பேருதவியாகும். ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சும் விடாமல் கிடந்தால் அங்கே நாடியைத் தேடி நேரம் போக்கலாகாது. 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளாலும், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

இவ்வளவும் தனி மனிதர் செய்யக்கூடியவையே. ஆயினும் தனக்குத்தானே நாடி பார்க்க நினைவு வைத்திருப்பவர் சிலரே. கூடிச் செய்வது நமக்குக் கைவந்தது. மாதக் கூட்டத்திற்கோ, நூல் வாங்கவோ, கூலி பெறவோ, கடன் தவணை கட்டவோ அங்கத்தினர் சங்கத்திற்கு வருகின்றனர். காத்திருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, இருவர் இருவராக ஒருவர் நாடியை மற்றவர் ஒரு நிமிடம் எண்ணினால் சங்கத்திற்குக் காசு செலவில்லை. நொடிமுள் உள்ள சுவர்க்கடிகாரம் ஒன்று போதும். பெண் அங்கத்தினர் தமக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய நாடிக் கணக்கு அவருடைய சொந்தச் சொத்து. அது சங்கத்தின் பதிவேட்டில் ஏறலாகாது. கடன் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் அது காரணமாகலாகாது. அவரவர் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாள், எண்ணிக்கை, 'சீர்' அல்லது 'சீரில்லை' என்ற ஒரு சொல் ஆகிய மூன்றையும் தாமே எழுதிக்கொண்டால் போதுமானது. 'சீரில்லை' என்று எழுதியவர் மருத்துவமனைக்குச் சென்றாரா என்று அடுத்த மாதம் பக்கத்து அங்கத்தினர் அன்போடு கேட்கட்டும். தனியே செல்லத் தயங்குபவரோடு ஒருவர் உடன் செல்லட்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுவதே நம்மவரிடம் பெரிய தடை. அத்தடையை நீக்க அண்டையாரின் சொல்லைவிடச் சிறந்த மருந்து இல்லை.

அப்பெரியவரை அண்மையில் மீண்டும் பார்த்தோம். வலக்கையில் சிறிது பலம் வந்திருக்கிறது; தறியில் அமர இயலவில்லை. மகன் நெய்ய, அவர் அருகிலிருந்து இடக்கையால் தார் எடுத்துக் கொடுக்கிறார். நாம் அவர் அருகில் அமர்ந்து மணிக்கட்டைப் பற்றி ஒரு நிமிடம் எண்ணினோம். எண்பத்திரண்டு, சீரில்லை. அவரோ ஒழுங்காக மருந்து உண்டு வருகிறார். பிறகு அவர் தம் மகனைச் சுட்டிக்காட்டி, இடக்கையை நீட்டிக் குழறிய குரலில், "அவனுக்கும் பாருங்க ஐயா" என்றார். தறியை நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் காத்திருந்து, அவனுடைய நாடியையும் எண்ணினோம். எழுபத்தாறு, சீராக இருந்தது.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் மணிக்கட்டை ஒரு நிமிடம் பற்றிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.